லாரியின் பி.சி.எம். பெட்டி: புதுசா, போர்டு வேலையா, பழசா, டைரக்ட் லைனா?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் சென்னையில் மணலி, மாதவரம், எண்ணூர் பக்கத்து ஒர்க்ஷாப்புகளில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது: "பெட்டி போச்சு சார், மாத்தணும்." பெட்டி என்றால் விளக்கு, வைப்பர், ஹாரன் போன்றவற்றை இயக்கும் மின்னணுப் பெட்டியான பாடி கண்ட்ரோல் மாட்யூல், சுருக்கமாக பி.சி.எம். இண்டிகேட்டர் எரியாவிட்டாலும் பெட்டி. வைப்பர் நிற்காமல் ஓடினாலும் பெட்டி. காலையில் பேட்டரி இறங்கிக் கிடந்தாலும் பெட்டிதான். சொல்கிறவருக்கு என்ன, பில் கட்டப்போவது நாம்.

பெட்டி நிஜமாகவே கெட்டுவிட்டால் நான்கு வழிகள் உண்டு. கம்பெனி டீலரிடம் புதுசு வாங்கலாம். பெட்டிக்குள் கெட்ட சர்க்யூட் போர்டையே பிரித்துச் சரிசெய்யலாம். பழைய சாமான் கடையில் செகண்ட் ஹேண்ட் பெட்டி எடுக்கலாம். அல்லது பெட்டியை ஒதுக்கிவிட்டு ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) வைத்து டைரக்டாக லைன் கொடுக்கலாம். பெரும்பாலான ஓனர்கள் இவற்றை விலையை வைத்து மட்டுமே தரம் பிரிக்கிறார்கள். விலை கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம் என்பது என் கட்சி. பெட்டிக்குள் உங்கள் வண்டியின் அடையாளம் எந்த அளவுக்கு எழுதப்பட்டிருக்கிறது, வண்டி ஒரு நாள் நின்றால் கையை விட்டு எவ்வளவு போகும் என்ற இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி முடிவு வந்துவிடும். அதற்கும் முன்னால், கெட்டது பெட்டிதான் என்று யாராவது நிரூபித்தார்களா என்று பார்க்க வேண்டும்.

பெட்டியின் மேல் பழி போடுவதற்கு முன்

பழைய வண்டிகளில் சுவிட்சைப் போட்டால் கரண்ட் நேராகவோ ஒரு ரிலே வழியாகவோ பல்புக்குப் போய்விடும். 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்-6 அமலான பிறகு வந்த பல மாடல்களில் அப்படி இல்லை. சுவிட்ச் தகவல் மட்டும் தருகிறது. டிரைவர் இண்டிகேட்டர் போட்டார் என்ற செய்தி பெட்டிக்குப் போகிறது, பெட்டி முடிவெடுத்துத் தன் பின் (pin) ஒன்றின் வழியாக 24 வோல்ட்டை வெளியே விடுகிறது. ஆகவே ஒரு பல்பு எரியவில்லை என்றால் சந்தேகப்பட நிறைய இடம் இருக்கிறது: சுவிட்ச், அங்கிருந்து பெட்டிக்கு வரும் ஒயர், பெட்டிக்கு வரும் பவர், அதன் எர்த், பெட்டி, வெளியே போகும் ஒயர், பல்பு, பல்பின் எர்த். இத்தனையில் பெட்டி ஒன்றுதான்.

பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். கனரக லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் சீரிஸில் இருக்கும். வண்டி ஓய்வில் இருக்கும்போது மொத்தம் 25 வோல்ட்டுக்குச் சற்று மேலும், இன்ஜின் ஓடும்போது 28-ஐ ஒட்டியும் காட்ட வேண்டும். மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு மீட்டரை மூடிவிடக்கூடாது. இரண்டு பேட்டரிகளையும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஏனென்றால் நம்மூர் வண்டிகளில் பாட்டுப் பெட்டிக்கும் செல்போன் சார்ஜருக்கும் 12 வோல்ட் வேண்டும் என்று ஒரே ஒரு பேட்டரியிலிருந்து லைன் இழுத்திருப்பார்கள். அந்தப் பேட்டரி மட்டும் நாளடைவில் இறங்கிக்கொண்டே போகும், மற்றது ஓவர்சார்ஜ் ஆகும். இப்படி இருக்கும் வண்டியில் செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் தொபுக்கென்று விழும், பெட்டி ஒரு நொடி செத்துப் பிழைக்கும். டாஷ்போர்டில் எல்லா விளக்கும் மின்னி அணையும். பார்க்கிறவர் பெட்டியில் கோளாறு என்பார். மருந்து பேட்டரிப் பெட்டியில் இருக்கிறது.

அடுத்தது எர்த். கடற்காற்று படும் எண்ணூர் சாலையிலும் துறைமுக வாசலிலும் மணிக்கணக்கில் நிற்கும் வண்டிகளுக்கு இதுதான் முதல் எதிரி. சேஸிஸில் எர்த் போல்ட் இருக்கும் இடத்தில் வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், ஒயர் முனையில் உள்ள லக்குக்கு அடியில் துரு பூத்திருக்கும். இதை ஓம் அளவில் பார்த்துப் பயனில்லை. ஒயரில் ஒரே ஓர் இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் சரி என்றுதான் சொல்லும். லோடு கொடுத்து அளக்க வேண்டும். ஹெட்லைட், வைப்பர், பிளோயர் மூன்றையும் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகடிவ் கம்பத்திலும் இன்னொரு முனையை பெட்டியின் எர்த் பின்னிலும் வையுங்கள். 0.1 வோல்ட் பக்கத்தில் காட்டினால் நிம்மதி. அரை வோல்ட் காட்டினால் போல்ட்டைக் கழற்றி, சுரண்டி, இறுக்கிவிட்டு மறுபடி அளவெடுங்கள். இந்த ஒரு வேலையிலேயே பிரச்சினை தீர்ந்து புதுப் பெட்டிக்கான பேச்சு அடங்கிப்போன வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

பவர் வரும் பின்னுக்கும் இதே நியாயம்தான். மல்டிமீட்டர் 24 காட்டுகிறது, ஆனால் பெட்டி வேலை செய்யவில்லை என்றால் ஒரு 24 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை எடுத்து, இரண்டு ஒயர் பற்றவைத்து, அந்தப் பவர் லைனுக்கும் எர்த்துக்கும் நடுவில் கொடுத்துப் பாருங்கள். பல்பு கிட்டத்தட்ட 0.9 ஆம்பியர் இழுக்கும். பளிச்சென்று எரிந்தால் லைன் நல்லது. மினுக்கினாலோ, மீட்டர் காட்டிய 24 சட்டென்று 15-க்கு விழுந்தாலோ ஒயர் எங்கோ உள்ளுக்குள் அழுகியிருக்கிறது. மீட்டருக்குத் தெரியாதது பத்து ரூபாய் பல்புக்குத் தெரியும்.

அழுகுவதற்குக் காரணம் பல நேரம் நம் ஆட்களே. டெஸ்ட் லேம்பின் ஊசியை ஒயரின் தோலில் குத்தி கரண்ட் பார்ப்பார்கள். பார்த்ததும் ஊசியை உருவிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தத் துளை வழியாக உப்புக் காற்றும் மழை நீரும் உள்ளே போய், சில மாதத்தில் செம்பு பச்சைப் பொடியாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒயர் புதுசு மாதிரியே இருக்கும், வளைத்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் பிசுபிசுவென்று மடங்கும். ஒயர்களைப் பெட்டியோடு இணைக்கும் கப்ளருக்குள்ளேயும் இப்படித்தான். ஊசியைத் திணித்துத் திணித்துப் பெண் பின்னின் வாய் அகன்றிருக்கும். கப்ளரைக் கழற்றி, அதே அளவுள்ள ஓர் உதிரி ஆண் பின்னை ஒவ்வொரு துளையிலும் விட்டு இழுத்துப் பாருங்கள். ஒரு பிடிப்பு தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த டெர்மினலை மாற்றினாலே போதும்.

ட்ரெய்லர் வண்டி என்றால் பின் விளக்கு எரியவில்லை என்ற புகாருக்குப் பெட்டியைத் தொடுவதற்கு முன் ஏழு பின் சாக்கெட்டிலிருந்து கேபிளைப் பிடுங்கிவிட்டு டிராக்டரை (ட்ரெய்லரை இழுக்கும் முன் வண்டியை) மட்டும் சோதியுங்கள். பெட்டிக்குள் இருந்து விளக்குகளுக்குக் கரண்ட் விடும் டிரைவர் சிப்புகள் ஷார்ட்டைக் கண்டால் தாமாகவே அணைந்து தற்காத்துக்கொள்ளும். கேபிள் எங்கோ உரசி ஷார்ட் ஆகியிருந்தால் பெட்டி தன் கடமையைத்தான் செய்கிறது. கேபிளைப் பிடுங்கிவிட்டு இக்னிஷனை ஆஃப் செய்து ஆன் செய்ததும் டிராக்டர் விளக்குகள் உயிர் பெற்றால், பழி ட்ரெய்லர் ஒயரிங்கின் மேல். இதைக் கவனிக்காமல் புதுப் பெட்டி போட்டால் அதுவும் அதே ஷார்ட்டைத்தான் சந்திக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் ஸ்கேனர், அதாவது மாட்யூல்களில் பதிந்த கோளாறு எண்களை (கோடு, code) படிக்கும் கருவி. முதலில் ஒரு நிபந்தனை: கோடுகளை அழிப்பதற்கு முன் ரிப்போர்ட்டை பிரிண்ட் எடுக்கவோ போனில் படம் பிடிக்கவோ சொல்லுங்கள். அழித்துவிட்டுத் தேடுவது பல இடங்களில் பழக்கமாகிவிட்டது. லாரிகளில் கோடுக்குப் பின்னால் எஃப்.எம்.ஐ. என்று கோளாறின் வகையைச் சொல்லும் ஓர் எண் வரும், அதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 3 என்றால் வோல்டேஜ் அதிகம் அல்லது பவருடன் ஷார்ட். 4 என்றால் வோல்டேஜ் குறைவு. 5 என்றால் கரண்ட் குறைவு, அதாவது லைன் அறுந்திருக்கிறது. 6 என்றால் கரண்ட் அதிகம், அதாவது எர்த்துடன் ஷார்ட். 5-ம் 6-ம் பெரும்பாலும் ஒயரைக் கைகாட்டும் எண்கள், பெட்டியை அல்ல. சிறிய வண்டிகளில் யு0140 என்ற கோடு வந்தால் மற்ற மாட்யூல்கள் பி.சி.எம்.முடன் பேச முடியவில்லை என்று பொருள். பேச முடியாததற்குப் பெட்டி செத்திருக்கலாம், பெட்டிக்குப் பவர் போகாமல் இருக்கலாம், கேன் லைன் (மாட்யூல்கள் தமக்குள் பேசும் இரட்டை ஒயர்) அறுந்திருக்கலாம். "பி.சி.எம்." என்ற பெயர் கோடில் வந்துவிட்டதாலேயே அதைக் கழற்றிவிடக்கூடாது.

கேன் லைனைச் சோதிப்பது சுலபம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, கேன் ஹை, கேன் லோ இரண்டுக்கும் நடுவே ஓம் பாருங்கள். லைனின் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனையின் தொடர்பு போயிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டியிருந்தால் இரண்டு ஒயரும் உரசிக்கொண்டிருக்கின்றன. 40 காட்டினால் யாரோ கூடுதலாக ஒரு ரெசிஸ்டர் உள்ள கருவியைச் சேர்த்திருக்கிறார்கள். வெளியில் பொருத்திய ஜிபிஎஸ் கருவி, டீசல் கண்காணிப்புக் கருவி என்று எது அந்த லைனில் தொங்குகிறது என்று பாருங்கள். எந்தப் பின்னில் அளப்பது என்பது மாடலுக்கு மாடல் மாறும். வயரிங் படம் இல்லாமல் இதைச் செய்யவே வேண்டாம்.

கடைசித் தீர்ப்பு இப்படித்தான் வர வேண்டும்: பவரும் எர்த்தும் லோடில் சரி, சுவிட்சைத் தட்டினால் ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் ஆன் என்று மாறுகிறது, பெட்டி வெளியே கரண்ட் விடச் சொல்லி உத்தரவும் தெரிகிறது, வெளியே போகும் ஒயரை பின்னிலிருந்து கழற்றிவிட்டு அந்தப் பின்னில் நேராக டெஸ்ட் பல்பைக் கொடுத்தால் எரியவில்லை. அப்போது பெட்டி போச்சு என்று நானும் ஒப்புக்கொள்வேன். வேறு வண்டியிலிருந்து பெட்டியைக் கழற்றி மாட்டிப் பார்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். கோடிங் உள்ள, அதாவது வண்டியின் அடையாளம் பெட்டிக்குள் எழுதப்பட்ட மாடலில் அது விபரீதம், நல்ல வண்டியும் சேர்ந்து நிற்கும்.

எப்படிக் கெட்டது என்பதே எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைச் சொல்லும்

சென்னையில் பெட்டி சாவதற்கு நான் முக்கியமாகப் பார்க்கும் காரணங்கள் தண்ணீர், வெல்டிங், கூடுதல் லோடு. முன் கண்ணாடி ரப்பர் சுருங்கி, தண்ணீர் டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒயரிங் வழியே ஊர்ந்து நேராகப் பெட்டியின் கப்ளருக்கு வந்து சேரும். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் போல் கேபின் வரை தண்ணீர் ஏறினால் கேட்கவே வேண்டாம். வெல்டிங் என்றால், பாடியில் ஒரு கிராக்கை ஒட்டும்போது பேட்டரியையும் மாட்யூல் கப்ளர்களையும் கழற்றாமல் எர்த் கிளிப்பை எங்கோ கடித்துவிட்டு ஆர்க் அடிப்பது. கூடுதல் லோடு என்றால் ஆயுத பூஜைக்குக் கட்டிய சீரியல் செட் மாதிரி ஓடும் எல்.இ.டி. பட்டைகளும் காற்று ஹாரனும். எல்லாவற்றையும் பெட்டியின் ஏதோ ஓர் அவுட்புட்டிலிருந்து திருடியிருப்பார்கள். ஃபியூஸ் போகிறது என்று அதில் கம்பி சுற்றியிருந்தால் கதை முடிந்தது.

கூடுதல் லோடால் போனது பொதுவாக ஒரு ரிலே அல்லது ஒரு டிரைவர் சிப். போர்டின் மற்ற பகுதி நன்றாகவே இருக்கும். தண்ணீர் உள்ளே போனால் போர்டு முழுக்க ஆபத்து. வெல்டிங்கில் போனால் எது மிச்சம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

புதுப் பெட்டி

டீலரிடம் வாங்கும் பெட்டி வெற்றுப் பலகை போல வரும். அதில் உங்கள் வண்டியின் சேஸிஸ் எண், வீல்பேஸ், விளக்கு வகை, கதவு வகை, என்னென்ன ஆப்ஷன் உண்டு என்பதையெல்லாம் கம்பெனி சாஃப்ட்வேர் வழியாக எழுத வேண்டும். சாவியில் சிப் உள்ள மாடலாக இருந்தால் சாவிகளையும் பதிய வேண்டும். இருக்கும் எல்லாச் சாவிகளையும் கொண்டு போங்கள். வீட்டில் இருக்கும் ஸ்பேர் சாவியை மறந்துவிட்டுப் போனால் மறுபடி ஒரு முறை அலைய வேண்டும்.

இதன் பலம் வாரண்டி, சரியான சாஃப்ட்வேர், பில். பலவீனம் காத்திருப்பு. அசோக் லேலண்டுக்கு எண்ணூரில் ஆலை, பாரத்பென்ஸுக்கு ஒரகடத்தில் ஆலை. கண்ணுக்கெட்டிய தூரத்தில் வண்டி தயாராகிறதே என்று நினைக்கலாம். ஆனால் உதிரி பாகம் ஆலையிலிருந்து நேராக உங்களுக்கு வராது, பாகங்களின் கிடங்கு வழியே டீலருக்கு வரும். உங்கள் மாடலுக்கு, உங்கள் பார்ட் நம்பரின் கடைசி எழுத்துக்குப் பொருந்தும் பெட்டி கையிருப்பில் இருக்கிறதா என்று முன்பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள். "ரெண்டு நாள்ல வந்துடும் சார்" என்பதை நம்பி வாடகைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

வரி விஷயம் ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அதற்கு முன்பு வாங்கிய கொட்டேஷனைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாகக் கேளுங்கள். வாடகைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி முறையில் இருக்கும் டிரான்ஸ்போர்ட்டருக்கு உள்ளீட்டு வரி (வாங்கும்போது கட்டிய வரி) திரும்பக் கிடைக்காது, ஆகவே வரியும் சேர்ந்ததே உங்கள் விலை.

வண்டி இன்னும் வாரண்டியில் இருந்தால் ஒப்பீடே தேவையில்லை, டீலர்தான். பெட்டியை வெளியாள் யாரும் திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூவில் கை வைத்த அடையாளம் இருந்தாலே வாதம் தொடங்கிவிடும்.

போர்டு வேலை

என் பரிந்துரையில் முதலிடம் இதற்கு, ஒரு நிபந்தனையோடு: போர்டு காய்ந்திருக்க வேண்டும். ஒரு பக்க இண்டிகேட்டர் மட்டும், வைப்பர் மட்டும், ஹாரன் மட்டும் என்று ஓர் அவுட்புட் செத்து, மற்றதெல்லாம் ஒழுங்காக இருந்தால், உள்ளே ஒரே ஒரு பாகம்தான் போயிருக்கும். நல்ல போர்டுக்காரர் மூடியைத் திறந்ததும் பூதக்கண்ணாடியில் முதலில் ரிலே கால்களைத்தான் பார்ப்பார். ஈயத்தில் காலைச் சுற்றி மெல்லிய கரு வளையம் தெரிந்தால் அது டிரை சால்டர், வண்டியின் அதிர்விலும் சூட்டிலும் விட்டுப்போன இணைப்பு. ரிலே தட்டினால் வேலை செய்யும், குளிர்ந்தால் செய்யும், மதிய வெயிலில் கேபின் சுட்டதும் விட்டுப்போகும். காலையில் சரி, மத்தியானம் கோளாறு என்று டிரைவர் சொன்னால் அவர் கற்பனை செய்யவில்லை.

ரிலேயும் பொதுவான சிப்புகளும் மின்னணுச் சாமான் விற்கும் ரிச்சி தெருவிலேயே கிடைக்கும். மாட்டுவது பெரிய வித்தை அல்ல, ஆனால் 24 வோல்ட்டுக்கு 12 வோல்ட் ரிலே போட்டுவிடாத கை வேண்டும். சிப் மேல் அச்சடித்த எண்ணுக்கு நிகரானது என்று எதையோ வைத்தால், ஷார்ட் வரும்போது அணைந்துகொள்ளும் தற்காப்பு அதில் இருக்காமல் போகலாம். எந்த எண் போட்டார்கள் என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். வேலை முடிந்ததும் போர்டின் மேல் பாதுகாப்புப் பூச்சை மறுபடி அடித்தார்களா என்றும் பாருங்கள். நம் கடற்கரை ஈரப்பதத்தில் பூச்சு இல்லாத போர்டு அடுத்த ஐப்பசி தாண்டாது.

இந்த வழியின் பெரிய லாபம் விலையைத் தாண்டியது. உங்கள் பெட்டியிலேயே உங்கள் வண்டியின் அடையாளம் எழுதப்பட்டிருக்கிறது. மெமரி சிப்பைத் தொடாமல் ரிலேயை மட்டும் மாற்றினால் கோடிங், சாவிப் பதிவு, கிலோமீட்டர் எதுவும் கலையாது. மாட்டினால் ஓடும்.

தண்ணீர் ஏறிய போர்டுக்கு இதைச் செய்யாதீர்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவி, காயவைத்து, "ஓடுது சார்" என்று கொடுத்துவிடுவார்கள். ஓடத்தான் செய்யும். சிப்புக்கு அடியில் தங்கிய உப்பு மெதுவாகச் செம்பைத் தின்னும். திண்டிவனம் தாண்டி ராத்திரி இரண்டு மணிக்கு ஹெட்லைட் அணைந்தால் போர்டுக்காரர் போனை எடுக்க மாட்டார்.

செகண்ட் ஹேண்ட்

பழைய வாகனச் சாமான் சந்தையான புதுப்பேட்டை என்றதும் எதுவும் கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை ஊரில் இருக்கிறது. எக்மோருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே அந்தச் சந்துகளில் நடந்தால் நம்பத்தான் தோன்றும். டோர் கண்ணாடிக்கும் ஹெட்லைட் கூட்டுக்கும் நான் தயங்காமல் போவேன். மாட்யூலுக்குத் தயங்குவேன்.

பிரச்சினை பெட்டி பழையது என்பதில் இல்லை. அதற்குள் இன்னொரு வண்டியின் சேஸிஸ் எண் இருக்கிறது. சில மாடல்களில் மாட்டியதும் விளக்கு, வைப்பர் எல்லாம் வேலை செய்துவிடும். சிலவற்றில் வண்டி ஸ்டார்ட் ஆகாது, அல்லது கிலோமீட்டர் எண் முரண்படும். பழைய பெட்டியின் மெமரியைப் படித்து இதில் எழுதும் குளோனிங் வேலை தெரிந்தவர் கூட இருந்தால்தான் இந்த வழி உருப்படும். அதற்கும் உங்கள் செத்த பெட்டியின் மெமரி சிப் உயிரோடு இருக்க வேண்டும். ஆக, உண்மையான விலை என்பது கடைக்காரர் கேட்பதோடு குளோனிங் கூலியும் சேர்ந்தது. கூட்டிப் பார்த்தால் பல நேரம் போர்டு வேலையைத் தாண்டிவிடும்.

வாங்குவதென்றே முடிவு செய்தால், பார்ட் நம்பரை கடைசி எழுத்து வரை ஒப்பிடுங்கள். பின்களில் வெள்ளைப் பொடி, மூடியின் ஓரத்தில் மண் கோடு இருந்தால் அது தண்ணீரில் கிடந்த வண்டியின் பெட்டி. பெரிய மழை முடிந்து வரும் மாதங்களில் சந்தைக்கு வரும் பெட்டிகளை இரண்டு மடங்கு சந்தேகத்தோடு பாருங்கள். பில் இல்லாத பெட்டி வேண்டவே வேண்டாம், திருட்டு வண்டியின் சாமானாக இருந்தால் ஸ்டேஷனுக்கு அலைவது நீங்கள். 2021 செப்டம்பரில் வந்த வாகன உடைப்பு விதிகளின்படி பதிவு பெற்ற நிலையங்கள் இருக்கின்றன, அங்கிருந்து பில்லோடு வந்தால் அந்தக் கவலை இல்லை.

ஒரே ஒரு இடத்தில் இந்த வழி ஜெயிக்கிறது: கம்பெனி அந்தப் பெட்டியை இனி தயாரிக்காத பழைய மாடல், உங்களுடையது தண்ணீரில் போனது. அங்கே வேறு வழி இல்லை.

டைரக்ட் லைன்

நம் எலக்ட்ரீஷியன்களுக்குப் பிடித்த வழி. ஒரு ரிலே, ஒரு டம்ளர் சுவிட்ச், ஐந்து மீட்டர் ஒயர், அரை மணி நேரம். கண்டெய்னர் ஏற்றிய வண்டி துறைமுக கேட்டுக்கு வெளியே மழையில் வைப்பர் இல்லாமல் நின்றால் நானும் இதைத்தான் செய்யச் சொல்வேன். லோடை இறக்கிவிட்டு வந்து ஒழுங்காகப் பார்க்கலாம். வைப்பர், ஹாரன், கேபின் விளக்கு, ஹெட்லைட் வரை சகித்துக்கொள்ளலாம். பேட்டரிக்குப் பக்கத்திலேயே தனி ஃபியூஸ், 24 வோல்ட் ரிலே, லோடுக்கேற்ற தடிமனில் ஒயர் என்ற மூன்றும் இருக்க வேண்டும். பெட்டியிலிருந்து வரும் பழைய ஒயரைக் கழற்றி டேப் சுற்றி ஒதுக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் கொடுக்கும் 24 வோல்ட் பின்பக்கமாகப் பெட்டிக்குள் போகும்.

பிரேக் லைட்டிலும் செல்ஃப் லைனிலும் கை வைக்கக் கூடாது. பிரேக் மிதிக்கும் தகவல் ஏபிஎஸ்ஸுக்கும் இன்ஜினுக்கும் தேவை. செல்ஃபுக்கு டைரக்ட் கொடுத்தால் கியரில் இருக்கும்போதே வண்டி பாயும். ஹசார்டும் இண்டிகேட்டரும் தனி ஃபிளாஷரில் ஓடும் வண்டியை எஃப்.சி.க்குக் கொண்டு போனால் அங்கே என்ன கேட்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். தற்காலிகம் என்று போட்ட லைன் மூன்று வருடமாகத் தொங்கும் வண்டிகள் இந்த ஊரில் ஏராளம், தீப்பிடித்த வண்டிகளின் டாஷ்போர்டுக்குப் பின்னால் அப்படிப்பட்ட ஒயர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

மாதத் தவணை, டிரைவர் சம்பளம், பேட்டா, இன்சூரன்ஸ், வரி எல்லாவற்றையும் கூட்டி ஓடும் நாட்களால் வகுத்தால் நிற்கும் நாளின் நஷ்டம் வரும். உதாரணத்துக்கு அது 4,000 என்று வைத்துக்கொள்வோம். புதுப் பெட்டிக்கும் போர்டு வேலைக்கும் 24,000 வித்தியாசம் என்றும் வைத்துக்கொள்வோம். புதுசு கையிருப்பில் இருந்து இன்றைக்கே மாட்டலாம், போர்டுக்கு மூன்று நாள் ஆகும் என்றால் உண்மையான வித்தியாசம் 12,000 தான். அதே புதுசு வர ஒரு வாரம் என்றால் போர்டுக்காரர் நான்கு நாள் முந்தி முடிப்பார், வித்தியாசம் 40,000 ஆகிவிடும். உங்கள் எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். ஒரே ஒரு வண்டி வைத்திருப்பவருக்கும் பத்து வண்டி வைத்திருப்பவருக்கும் விடை வேறாக வரும். ஸ்பேர் வண்டி உள்ளவர் நிதானமாகக் காத்திருக்கலாம்.

வெள்ளத்தில் போன பெட்டி என்றால் கணக்கே மாறும். முழு இன்சூரன்ஸ் பாலிசியில் வெள்ளமும் புயலும் அடங்கும், தானாக வந்த மின் கோளாறு அடங்காது. எனவே தண்ணீர் ஏறிய வண்டியில் சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, படம் எடுத்து, சர்வேயரை வரவழையுங்கள். வண்டியின் வயதுக்கேற்பத் தேய்மானம் கழிப்பார்கள். அப்படியும் புதுப் பெட்டியில் உங்கள் கைப்பணம் குறைகிறது, போர்டு வேலையை நினைக்கவே தேவையில்லை.

ஆக என் வரிசை: வாரண்டியோ வெள்ள க்ளெய்மோ இருந்தால் புதுசு. ஓர் அவுட்புட் மட்டும் போய், போர்டு காய்ந்திருந்தால் போர்டு வேலை. ஸ்கேனரோடு தொடர்பே செத்தது, வெல்டிங் அடித்தது, தண்ணீர் உள்ளே போனது என்றால் செலவானாலும் புதுசு. தயாரிப்பு நின்ற மாடலுக்கு மட்டும் செகண்ட் ஹேண்ட். டைரக்ட் லைன் ஷெட்டுக்கு வந்து சேரும் வரைக்கும்.

மாற்றும் அன்று

யூரியா டேங்க் உள்ள பிஎஸ்-6 வண்டியில் இக்னிஷனை ஆஃப் செய்த உடனே பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சைத் திருப்பக்கூடாது. பம்ப் குழாயில் இருக்கும் யூரியாவைத் திரும்ப இழுத்துக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும். அதற்குள் பவரை வெட்டினால் உள்ளேயே காய்ந்து உப்புப் போலக் கட்டிதட்டி, பி.சி.எம். வேலைக்கு வந்த வண்டி வேறு செலவோடு திரும்பும். சத்தம் அடங்கட்டும், அப்புறம் பேட்டரி. பழைய பெட்டி ஸ்கேனருடன் பேசினால் அதன் கோடிங்கை முதலில் படித்துச் சேமிக்கச் சொல்லுங்கள். புதிதில் எழுதும்போது 24 வோல்ட் சார்ஜர் பேட்டரியோடு இணைந்திருக்க வேண்டும். எழுதும் நடுவில் வோல்டேஜ் விழுந்தால் புதுப் பெட்டியும் செங்கல்தான்.

மாட்டியபின் வண்டியை உடனே வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். எல்லா விளக்கும், வைப்பரின் எல்லா வேகமும், கதவுப் பூட்டும், ட்ரெய்லர் சாக்கெட்டும் சோதித்துவிட்டு, வண்டியை அணைத்துப் பூட்டி அரை மணி நேரம் கழித்து பேட்டரி லைனில் எவ்வளவு கரண்ட் போகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். சில பத்து மில்லி ஆம்பியர் என்றால் பெட்டி தூங்கிவிட்டது. ஓர் ஆம்பியர் போய்க்கொண்டிருந்தால் காலையில் செல்ஃப் அடிக்காது, அங்கேயே வைத்துத் தேடச் சொல்லுங்கள்.

பில்லில் புதுப் பெட்டியின் பார்ட் நம்பர், சீரியல் நம்பர், கோடிங் கூலி மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். பழைய பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "அது எதுக்கு சார், குப்பை" என்பார்கள். அதே மாடலில் இன்னொரு வண்டி உங்களிடம் இருந்தால் அதன் போர்டுக்குத் தேவைப்படும் ரிலேயும் சிப்பும் அந்தக் குப்பையில்தான் இருக்கின்றன.